ஜகதீச சந்திர போஸ்

கம்பியின் துணையின்றிச் செய்தியை நெடுந்தொலைவு செலுத்தும் ஆற்றலை மனிதன் பெற்றது அண்மைக் காலத்தில்தான். அதற்கு அடிகோலிய அறிஞர் பலர். அவர்களுள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. அவரே ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வங்க நாட்டில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அலுவலர். அவரையொத்த அலுவலர் பலர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். அவரோ தம் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே எளிய குடிப்பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து சிறுவன் பயின்றான். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர் கூறிய செய்திகள் அவன் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை விதைத்தன.

கல்கத்தாவில் கல்லூரிக் கல்வியை முடித்த போஸ் 1880-இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் பயிலத் தொடங்கினார், உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் கற்றுத் தேறினார். 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் ஆனார்.

அங்கே ஓர் அநீதி அவரை எதிர்கொண்டது. ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. போஸ் தற்காலிகப் பணியில் இருந்தமையால் அதிலும் பாதியே கிடைத்தது. அவர் அதனைத் தொட மறுத்தார். ஆயினும் கற்பிக்கும் கடமையில் சிறிதும் குறை வைக்கவில்லை. குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தும் மூன்றாண்டுகள் இவ்வாறே கழிந்தன. இறுதியில் அரசாங்கம் பணிந்தது; முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அத்தொகையைக் கொண்டு தந்தையாரின் கடனை அவர் தீர்த்தார்.

மின்காந்த அலைகள் உண்டென மாக்ஸ்வெல் கணக்கினால் நிறுவினார். ஹெர்ட்ஸ் 1888-இல் சோதனையால் காட்டினார். போஸ் அவ்வலைகளை ஆராயப் புகுந்தார். வசதியற்ற சிறிய அறையில், உள்ளூர்த் தொழிலாளியின் உதவியோடு தாமே கருவிகளை அமைத்தார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணிய அலைகளை உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தாவில் அறிஞர் அவையின் முன், அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கண்டோர் வியந்தனர்.

அலைகளை உணரும் பாதரசக் கருவியொன்றைப் பற்றி 1899-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். 1901-இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்த குறியைப் பெற மார்க்கோனி பயன்படுத்திய கருவியும் அவ்வகையைச் சேர்ந்ததே. கண்டுபிடிப்புகளைக் காப்புரிமையாக்கிப் பொருள் ஈட்டுமாறு வணிகர் தூண்டினர். அறிவைப் பூட்டி வைத்து விற்பதைப் போஸ் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவர் பெயரில் பதிவாயிற்று. அதனாலும் அவர் ஊதியம் தேடவில்லை.

பின்னர்ச் செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் மறைந்தார்.

அவர் அலைகளைக் காட்டி நூறாண்டுகள் கழித்து, 1995-இல், இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. குடவோலை முறையைக் கோயிற் சுவரில் பொறித்த உத்திரமேரூரை எண்ணிப் பாருங்கள். அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூரொன்றில் மாணவி ஒருத்தி அலைபேசியில் பாடமொன்றை அனுப்புகிறாள் என்று கொள்வோம். அப்பாடம் முதலில் எண்களாக மாறுகிறது. பின்பு சிறுசிறு பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொதியும் சேரிடத்தின் முகவரியைத் தாங்கியுள்ளது. அலைகளாய்க் கோபுரத்தை அடையும் பொதிகள், அங்கிருந்து கண்ணாடி இழைகளில் ஒளியாய் ஓடுகின்றன. அவை வெவ்வேறு வழிகளிற் செல்லினும் சேருமிடத்தில் வரிசை பெறுகின்றன. தொலைந்த பொதி மீண்டும் அனுப்பப்படுகிறது.

முன்னாளில் இருவர் தொலைபேசியில் உரையாடினால், பேச்சு முடியும்வரை ஒரு தடம் அவர்களுக்கே உரியதாக இருந்தது. தொலைவுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கட்டணம் வாங்கப்பட்டது. இன்று பேச்சும் பொதிகளாகி, ஒரே தடத்தைப் பல்லாயிரவர் பகிர்கின்றனர். அதனால் தொலைபேசித் தொழிலின் வருவாய் முறையே மாறிற்று. நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிய தந்தி, 2013-இல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது.

அலைபேசியைப் போஸ் கண்டுபிடித்தார் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் ஐந்தாம் தலைமுறை அலைபேசியில் இடம்பெறுகின்றன. அவருடைய உள்ளப் பாங்கும் அழியவில்லை. இணையப் பொதிகள் செல்லும் விதிகளை வகுத்தோர் அவற்றை எல்லாரும் கையாளுமாறு வெளியிட்டனர். 1983-இல் அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒருவரே அவற்றை உடைமையாக்கியிருப்பின், எளியோரின் ஊர்களுக்கு இணையம் இத்துணை விரைவில் வந்திராது. அறிவு பகிரப் பகிர வளரும் என்பதைத் தம் வாழ்வால் உணர்த்திய போஸை நாம் என்றும் போற்றுவோமாக.