அர்ச். தேவசகாயம் கேட்ட யோபுவின் சரித்திரம்



வேதாகமத்தை வாசிக்கையில் சில இடங்களில் நம் மனம் இடறுகிறது. மகனைப் பலியிடும்படி ஆபிரகாமுக்குக் கட்டளையிட்டது ஏன்? நீதிமானாகிய யோபுவின் உடைமைகளைப் பசாசின் கையில் விட்டது ஏன்? இப்படிக் கேட்பதே பாவமோ என்று அஞ்சி வாய் மூடியிருப்பவர்கள் உங்களில் உண்டு. அவர்கள் நம் தமிழ்நாட்டு வேதசாட்சி ஒருவருடைய சரித்திரத்தைக் கேட்கக்கடவார்கள்.

நீலகண்டன் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் நாயர் குலத்தில் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரசில் உத்தியோகம் வகித்தார். நல்ல செல்வாக்கு உள்ளவர். ஆனால் சொத்தில் நஷ்டத்தின் மேல் நஷ்டம் வரவே, மனம் உடைந்து போனார். அப்போது, 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு மன்னரின் படையைப் பழக்கி வந்த டச்சுத் தளபதி டிலனாய், அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

சற்று யோசியுங்கள். துயரப்படுகிறவருக்குச் சொல்ல இதைவிட இனிய கதை கிடையாதா? யோபு 7000 ஆடுகளையும், 3000 ஒட்டகங்களையும், 500 ஏர் மாடுகளையும் ஒரே நாளில் இழந்தார். ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் வீடு இடிந்து மாண்டார்கள். இவையெல்லாம் சர்வேசுரன் உத்தரவு கொடுத்த பிறகே நடந்தன. ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களோ, அவர் செய்த பாவத்துக்கே இந்தத் தண்டனை என்று சாதித்தார்கள். யோபு ஒப்பவில்லை. பிறந்த நாளைச் சபித்தார், ஆண்டவரோடே வழக்காடினார். கடைசியில் ஆண்டவர் பேசினார். மனிதனுடைய அறிவு எவ்வளவு சிறியது என்று காட்டினார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஆயினும் அவர் கோபித்தது தமக்காகப் பரிந்து பேசிய சிநேகிதர்கள் மேல். தம்மைப்பற்றிச் சரியாய்ப் பேசினவர் யோபுவே என்று தீர்ப்பளித்தார்.

இந்தச் சரித்திரம் நீலகண்டனைத் தொட்டது. 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாகிய தேவசகாயம் என்ற பெயரைத் தரித்தார்.

பிறகு அவரே யோபுவானார். 1749-ல் சிறைப்பட்டார். உத்தியோகம் போயிற்று. அடித்தார்கள், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் பாடுபட்டு, 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.

யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாய்த் திரும்பின. தேவசகாயத்துக்கு இவ்வுலகில் ஒன்றும் திரும்பவில்லை. யோபுவுக்கும், பின்பு பிறந்த பிள்ளைகள் மாண்ட பிள்ளைகளுக்கு ஈடாவார்களா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கேளுங்கள். இதற்கு எளிதான விடை சொல்ல நான் துணியமாட்டேன். விடை கிடைக்கும்வரை காத்திராமல், கேள்வியோடேயே ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இவர்கள். சிலுவையில் நம் ஆண்டவரும் ஏன் என்று பிதாவைக் கேட்டாரே!

ஆகையால், நம் அன்னூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆழ்குழாய்க் கிணறு வற்றினால், மாடு செத்தால், மரணம் நேர்ந்தால், என்ன பாவம் செய்தார்களோ என்று திண்ணையில் பேசாதீர்கள். அது அந்தச் சிநேகிதர்களின் பேச்சு. டிலனாயைப் போல் அருகில் போய் உட்காருங்கள். துயரம் உங்கள் வீட்டுக்கே வந்தால், மனத்தாங்கலை மறைக்காமல் ஜெபத்தில் சொல்லுங்கள்.

2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். கோட்டாறு சவேரியார் கோவிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ச் சந்தித்து வாருங்கள்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு