சாமிக்கண்ணு வின்சென்ட்: கொங்கு நாட்டுத் திரைக்காட்சி முன்னோடியின் வாழ்வும் பணியும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரிதும் படைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. படத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவர்களின் பங்கு அதில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. அவ்வாறு சுருக்கப்பட்டவருள் முதன்மையானவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942). அவர்தம் வாழ்வையும் பணியின் விளைவையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

தொடர்வண்டிப் பணியும் திருப்பமும்

கோயம்புத்தூரில் பிறந்த வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றினார். 1905இல் டுபான் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு அந்நகருக்கு வந்தார். உடல்நலம் குன்றியதால் தொழிலைத் தொடர இயலாத நிலையில் அவர் கருவியை விற்க முற்பட்டார். வின்சென்ட் அதனை இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் படச் சுருள்களுடன் விலைக்கு வாங்கினார். நிலையான ஊதியத்தைத் துறந்து, பேசாப் படங்களுடன் பயணம் மேற்கொண்டார். துணிக் கூடாரமே அரங்காக, அவரது காட்சிகள் வடமேற்கே லாகூர், பெஷாவர் வரை சென்றன.

நிலையான அரங்கு

1914இல் கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கை நிறுவினார். பின்னாளில் அது டிலைட் என்னும் பெயருடன் நெடுங்காலம் இயங்கியது. அரங்கின் முதற்பெயரை வெரைட்டி ஹால் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. மின்விசையால் இயங்கிய அச்சகத்தையும் அவர் நடத்தினார். பேசும்படம் வந்தபின், கல்கத்தா பயனியர் நிறுவனத்துடன் இணைந்து, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ (1933) உருவாகத் துணைநின்றார்.

ஒப்பீட்டு நோக்கு

அமெரிக்கக் கறுப்பினத் திரைப்பட முன்னோடி ஆஸ்கர் மிஷோ (1884–1951) வின்சென்ட்டுக்கு ஓராண்டு இளையவர். அவரும் தொடர்வண்டிப் பணியாளராக இருந்தவர். தம் புதினத்தைத் தாமே 1919இல் படமாக்கி, படச் சுருளைத் தாமே அரங்கு அரங்காகக் கொண்டு சென்றவர். மிஷோ படைப்பாளர், வின்சென்ட் அடிப்படையில் காட்சியாளர். மிஷோ இன ஒதுக்கலை எதிர்த்து இயங்கினார். வின்சென்ட்டின் சூழல் வேறு. இவ்வேறுபாடுகள் இருப்பினும், பெருநிறுவன ஆதரவின்றிப் பார்வையாளரைத் தேடிச் சென்றமை இருவர்க்கும் பொதுவாகும். மிஷோவின் இம்முயற்சி அவரது படைப்புப் பணியின் கூறாகவே மதிக்கப்படுகிறது. வின்சென்ட்டின் முயற்சியோ வணிகம் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

பணியின் விளைவு

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்கலைக் களம் திரையரங்கே என்பது கார்த்திகேசு சிவத்தம்பியின் கருத்து. சாதியும் தகுதியும் இடத்தை வரையறுத்த சமூகத்தில், கட்டணம் செலுத்திய எவரும் நுழையத்தக்க பொதுவெளியாகத் திரையரங்கு அமைந்தது. இருக்கை வகுப்புகளால் வேற்றுமை அங்கும் தொடர்ந்தது. ஆயினும் அதன் அளவுகோல் பிறப்பிலிருந்து பணத்திற்கு மாறத் தொடங்கியது. இம்மாற்றத்திற்கான களத்தைக் கொங்கு நாட்டில் அமைத்தவருள் வின்சென்ட் முன்னோடியாவார். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் ‘பக்த நந்தனார்’ (1935) வழியாகத் திரைக்கு வந்தபோது, படம் பார்க்கும் பழக்கமுடைய ஒரு மக்கள்திரள் முன்பே உருவாகியிருந்தது.

முடிவுரை

வின்சென்ட் 1942இல் மறைந்தார். படம் எடுத்தோரை மட்டும் முன்னோடியாகக் கொள்ளும் அளவுகோல், பார்வையாளர் உருவான வரலாற்றை மறைத்துவிடுகிறது. காட்சியாளரையும் உள்ளடக்கி எழுதும்போதே தமிழ்த் திரைப்பட வரலாறு முழுமை பெறும் என்பது வின்சென்ட்டின் வாழ்வால் புலனாகிறது.