மீட்டிங்கில் பேசணும்னாலே கை நடுங்குதா? காந்திக்கும் அப்படித்தான் இருந்தது

லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்து 1891-ல் நாடு திரும்பிய இளைஞர் அவர். பம்பாய் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் முதல் வழக்கு கிடைத்தது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவர்தான் மோகன்தாஸ் காந்தி.

பயம் எப்போது தொடங்கியது?

சின்ன வயதிலேயே. பள்ளி முடிந்ததும், யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடிவிடுவார். இருட்டு, பேய், பாம்பு எல்லாமே பயம். வீட்டில் வேலை செய்த ரம்பா, பயம் வரும்போது ராம நாமம் சொல்லக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பழக்கம் கடைசிவரை கூடவே இருந்தது.

எது மாற்றியது?

1893-ல் வேலைக்காக தென்னாப்பிரிக்கா போனார். முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். குளிரில் நடுங்கியபடி, ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். திரும்பவில்லை. சில நாட்களிலேயே பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தலைப்பு, வியாபாரத்தில் நேர்மை. நன்றாகத் தயாரித்துக்கொண்டு போனார், பேச்சு வந்தது. அவரது முதல் பொதுப் பேச்சு அதுதான்.

அதோடு பயம் போயிடுச்சா?

இல்லை. 1896-ல் பம்பாயில் பெரிய கூட்டம். எழுதி வைத்திருந்த உரையைப் படிக்கத் தொடங்கியபோது உடல் நடுங்கியது, குரல் எழவில்லை. தின்ஷா வாச்சா வாங்கிப் படித்து முடித்தார். காந்தி அதோடு மேடையை விட்டுவிடவில்லை.

தினசரிப் பழக்கங்கள்

நீண்ட நடை, பிரார்த்தனை, பின்னாளில் ராட்டை நூற்பு, திங்கட்கிழமை மௌனம். இதையெல்லாம் மேடை பயத்துக்கு மருந்தாக அவர் தொடங்கவில்லை. ஆனால் எவ்வளவு நெருக்கடியிலும் நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவை இவைதான். கூச்சத்தையும் அவர் வெறும் குறையாகப் பார்க்கவில்லை. சொற்களை அளந்து பேச அதுவே பழக்கியது என்று பின்னர் தன் சுயசரிதையில் எழுதினார்.

1942 ஆகஸ்ட் 8, அதே பம்பாய். கோவாலியா டாங்க் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தின்போது பேசினார். நாடே கேட்டது. முதல் வழக்கில் வாயடைத்துப்போய் சுமார் 50 வருடங்கள் ஆகியிருந்தன.

பதற்றம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறதா? தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.