சுல்தானா கண்ட கனவும் ரொக்கேயா கட்டிய பள்ளியும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை இயற்பியல் மாணவி, மேல்மலையனூர்)

கதை கேளாத குழந்தையும் இல்லை. கதை சொல்லாத பாட்டியும் இல்லை. மனிதன் நெருப்பை அறிந்த நாள்தொட்டே அதைச் சுற்றி அமர்ந்து கதை பேசியிருப்பான். அக்கதைகளுள் இரு வகை நம் உள்ளத்தை வெகுவாக ஈர்ப்பன. ஒன்று மாயாஜாலக் கதை. மற்றொன்று விஞ்ஞானக் கதை. இரண்டுமே இல்லாததை இருப்பதுபோல் காட்டுவன. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வழக்கு எங்கள் வகுப்பில் அடிக்கடி எழும். தோழியருள் பெரும்பாலோர் மாயாஜாலத்தின் பக்கம். நான் விஞ்ஞானக் கதையின் பக்கம். இயற்பியல் படிப்பதால்தான் அப்படிச் சொல்கிறாய் என்று அவர்கள் கேலி செய்வதுண்டு. காரணம் அதுவன்று. வங்கத்தில் பிறந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையே என்னை அந்தப் பக்கம் நிறுத்தியது. அவர் பெயர் பேகம் ரொக்கேயா சகாவத் உசேன்.

அவர் வரலாற்றைச் சொல்லுமுன் இவ்விரு வகைக் கதைகளையும் பிரித்துக் காட்டுவது நன்று. வழிபாட்டுக்குரிய புராணங்களை நான் இதில் சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் அமாவாசைதோறும் அங்காளபரமேசுவரிக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கும். மாசியில் மயானக் கொள்ளை நடக்கும். அன்னையின் வரலாறு அங்கு வருவோருக்குக் கதையன்று, நம்பிக்கை. நான் சொல்வது பொழுதுபோக்காகக் கேட்கும் கதைகளை. எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளவயதிலேயே மாண்ட தேசிங்குராஜனைப் பாடும் நாட்டுக் கதைப்பாடலில் பாராசாரி என்னும் குதிரை வருகிறது. எவருக்கும் அடங்காத அக்குதிரை தேசிங்குக்கு மட்டும் அடங்கியதாம். என் ஆயா அக்கதையைச் சொல்லும்போது குதிரை பாய்ந்தது என்று சொல்லமாட்டார். பறந்தது என்றே சொல்வார்.

அதே கோட்டையில் கல்யாண மகால் என்னும் உயர்ந்த மாடக் கட்டடம் நிற்கிறது. அதன் மேல்தளத்திற்குச் சுடுமண் குழாய்கள் வழியே தண்ணீர் ஏற்றினார்கள் என்பது வரலாறு. பறக்கும் குதிரை மாயாஜாலத்துக்குரியது. மாடி ஏறும் தண்ணீர் விஞ்ஞானத்துக்குரியது. குதிரையைக் கண்டு நாம் வியக்கலாமேயொழிய அதுபோல் ஒன்றைச் செய்ய முடியாது. குழாயைக் கண்டவனோ, இது எப்படி ஏறியது என்று கேட்கத் தொடங்குவான். அந்தக் கேள்வி பிறக்குமிடத்தில்தான் விஞ்ஞானக் கதையும் பிறக்கிறது.

எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்து தமிழ்ச் சிறுவர் உள்ளங்களைக் கொள்ளைகொண்ட இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து உருமறைந்தவன். ஆயினும் அவனுக்கு மாயாவி என்றே பெயர் வைத்தோம்! ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897இல் படைத்த கண்ணுக்குப் புலப்படாத மனிதனும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவனே. மந்திரவாதியின் மையும் விஞ்ஞானியின் குப்பியும் அருகருகேதான் இருக்கின்றன.

இனி ரொக்கேயாவின் வரலாற்றுக்கு வருவோம். அவர் 1880ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியிலுள்ள பைராபந்து என்னும் சிற்றூரில் ஒரு ஜமீன்தார் வீட்டில் பிறந்தார். செல்வத்திற்குக் குறைவில்லை, வெளிச்சத்திற்குத்தான் குறைவு. ஐந்து வயதிலேயே அவர் திரைக்குப் பின்னால் வாழவேண்டியதாயிற்று. அந்நிய ஆடவர் மட்டுமன்றி அறிமுகமில்லாத பெண்கள் வந்தாலும் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது அவ்வீட்டு வழக்கம். ஆண்மக்கள் கல்கத்தாவிற்குச் சென்று ஆங்கிலம் பயின்றனர். பெண்மக்களுக்கோ திருமறை ஓதுவதற்கான அரபும் சிறிது உருதும் போதும் என்று தந்தையார் கருதினார். வங்கமும் ஆங்கிலமும் அவர்களுக்கு விலக்கப்பட்ட கனிகள்.

ஆயினும் அறிவுத் தாகத்தைச் சுவர்கள் தடுத்துவிடுமா? வீடு முழுவதும் உறங்கிய பின்னர், அண்ணன் இப்ராகிம் சாபர் விளக்கை ஏற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அக்காள் கரீமுன்னிசா வங்க மொழியில் ஆர்வமூட்டினார். பள்ளியின் வாயிற்படியையே மிதியாத ஒரு பெண் இரவு விளக்கின் ஒளியில் இரு மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார்.

இளமையிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சகாவத் உசேன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டு, வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர். இத்தகைய மணங்கள் பெரும்பாலும் பெண்ணின் வாழ்வை இருளில் தள்ளுவன. இங்கோ நேர்மாறாக நிகழ்ந்தது. இங்கிலாந்து சென்று கற்று வந்த அப்பெருமகன், மனைவி படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்று ஊக்கினார்.

ஒருசமயம் கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். தனித்திருந்த ரொக்கேயா பொழுதைப் போக்க ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை நின்றபடியே படித்து முடித்து, ஆடவர்மீது இது பயங்கரமான பழிவாங்கல் என்று கருதினாராம். ஆடவராகிய அவரே அதை அச்சேறச் செய்தார் என்பதுதான் வியப்பு! அதைவிடத் தமிழராகிய நமக்குப் பெருமை தருவது, அக்கதை முதன்முதலில் வெளியான இடம். கல்கத்தாவன்று, லண்டனன்று, நம் சென்னைதான்! கமலா சத்தியநாதன் அம்மையார் 1901இல் சென்னையில் தொடங்கி நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கில மாத இதழில் 1905ஆம் ஆண்டு ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது. 1908இல் கல்கத்தாவில் தனி நூலாயிற்று.

சுல்தானா என்னும் பெண் சாய்வு நாற்காலியில் கண்ணயர்கிறாள். ஒரு தோழி வந்து அவளைப் பெண்ணுலகம் என்னும் நாட்டிற்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் அச்சமின்றித் தெருவில் உலவுகின்றனர். அங்குள்ள பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை வானில் நிறுத்தி வேண்டும்போது தண்ணீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கக் கற்றிருக்கிறது. சமையலறையில் புகையில்லை, கரியில்லை, வெயிலே அடுப்பு. வயலை மின்சாரம் உழுகிறது. மக்கள் வானூர்தியில் செல்கின்றனர். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் இயந்திர விமானத்தில் பறந்தது 1903 டிசம்பரில். அதற்கு ஈராண்டுக்குள் திரைமறைவில் வாழ்ந்த ஒரு பெண் தன் கதாநாயகியைப் பறக்க வைத்துவிட்டார்!

அந்நாட்டுப் பெண்கள் ஆட்சியைப் பெற்ற விதம் இன்னும் சுவையானது. பகைவர் படையெடுத்து வந்தபோது ஆடவர் சேனை தோற்றது. அப்பொழுது பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியரோடு போர்க்களம் சென்று, திரட்டிய சூரிய ஒளியையும் வெப்பத்தையும் பகைவர்மீது திருப்பினார், பகைவர் ஓடினர். கதை முடிவில் சுல்தானா கண் விழிக்கிறாள். பழைய நாற்காலியில்தான் இருக்கிறாள்.

என் தோழியர் இங்கே என்னை மடக்குவர். இது கனவுதானே? கனவென்றால் மாயாஜாலம்தானே? அந்த வானூர்தி ஹைட்ரஜன் உருண்டைகளால் எழும்புகிறது என்கிறார். எத்தனை எடையைத் தூக்கும் என்று கணக்குக் காட்டினாரா என்பர். காட்டவில்லைதான். ஆனால் நான் ஒரு கதையைக் கணக்கால் மட்டும் எடைபோடுவதில்லை. அக்கதையில் வரும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறேன். பாராசாரி தேசிங்குக்கு அடங்கியதற்குக் காரணம் அவன் பிறப்பு. முனிவர் கொடுக்கும் வரமும் பூதம் காக்கும் விளக்கும் தகுந்தவன் ஒருவனுக்கே கிட்டும். மற்றவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பெண்ணுலகத்துப் பெண்களுக்கு எந்த முனிவரும் வரம் தரவில்லை. அரசி பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தாள், அவர்கள் படித்தார்கள், ஆராய்ந்தார்கள். மந்திரம் காதோடு காதாகச் சொல்லப்படுவது. சூத்திரம் கரும்பலகையில் எல்லோருக்குமாக எழுதப்படுவது. ஆகவே கனவுப் போர்வை போர்த்தியிருப்பினும் ‘சுல்தானாவின் கனவு’ விஞ்ஞானக் கதையே என்பது என் துணிபு.

இதே வங்கத்தில் 1896ஆம் ஆண்டிலேயே ஜகதீச சந்திர போஸ், ஒரு குப்பித் தலை எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்குவதாக ஒரு கதை எழுதினார். அவர் உலகறிந்த பௌதிக அறிஞர். அவர் கையில் விஞ்ஞானம் இருந்தது. கதை அவருக்கு விளையாட்டு. ரொக்கேயாவின் கையிலோ ஒன்றுமில்லை. அவர் எழுதியது அவருக்கு மறுக்கப்பட்ட ஒன்றைப் பற்றி. அதனால்தான் அக்கதையில் அத்தனை வேகம்!

கனவு கண்டவரின் பிற்கால வாழ்வே அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை மெய்ப்பிக்கிறது. 1909இல் கணவர் காலமானார். பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே மறைந்திருந்தனர். பெண்கள் பள்ளி நடத்துவதற்கென்று கணவர் ஒதுக்கி வைத்திருந்த பத்தாயிரம் ரூபாய் மட்டும் துணையாக நின்றது. அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளியைத் தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராற்றால் அவ்வூரை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. 1911 மார்ச்சில், கல்கத்தாவில் ஒரு சந்து வீட்டில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். வீடுவீடாகச் சென்று பெண்களைப் பள்ளிக்கு அனுப்புமாறு மன்றாடினார். பள்ளி நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தாமும் பர்தா அணிந்தே நடமாடினார்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணவியரை அழைத்துவரப் பள்ளிக்கு மோட்டார் வண்டி வந்தது. வெளியார் கண் படலாகாது என்பதற்காக அது காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருந்தது. உள்ளே அமர்ந்த சிறுமியர் இருளிலும் புழுக்கத்திலும் வாந்தியெடுத்தனர், சிலர் மயங்கினர். சன்னல்களைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டால், காற்றில் சீலை விலகிப் பெண்களின் மானம் போகிறதென்று கண்டனக் கடிதங்கள் பறந்து வந்தன! கதையில் வானூர்தியில் பெண்களைப் பறக்கவிட்டவர், நாட்டில் ஒரு வண்டியின் திரைச்சீலைக்காகப் போராட வேண்டியிருந்தது. மாயாஜாலக் கதையின் ஆசிரியராயின் ஒரு மந்திரக் கோலைத் தேடியிருப்பார். ரொக்கேயா அந்தச் சீலையோடும் கடிதங்களோடும் மல்லாடி, பள்ளியை நடத்திக்கொண்டே இருந்தார்.

1916இல் இசுலாமியப் பெண்களுக்கென ஒரு சங்கம் நிறுவி ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவினார். 1924இல் ‘பத்மராகம்’ என்னும் நாவலையும், 1931இல் திரைக்குள் அடைபட்ட பெண்களின் அவலங்களைத் திரட்டிய ‘அவரோதவாசினி’யையும் வெளியிட்டார். 1932 டிசம்பர் 9ஆம் நாள் மறைந்தார். கடைசி நாள்களிலும் பெண்களின் உரிமை பற்றியே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்; அது முற்றுப்பெறவில்லை. அவர் தொடங்கிய பள்ளி இன்றும் கல்கத்தாவில் கணவர் பெயர் தாங்கி அரசு மகளிர் பள்ளியாக நடக்கிறது. டிசம்பர் 9 வங்கதேசத்தில் ரொக்கேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2024இல் அச்சிறு கதை யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அவர் கண்ட சூரிய அடுப்பு கனவோடு நின்றுவிடவும் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில், பொதுச் சமையலறையின் கூரைமீது 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைப்பதற்காக அமைக்கப்பட்டது. பெண்ணுலகத்தைக் காண விரும்புவோர் பேருந்து ஏறிச் சென்று ஒரு மூலையையேனும் பார்த்து வரலாம்!

மாயாஜாலக் கதைகளை நான் வெறுப்பதாக எவரும் எண்ண வேண்டா. தேசிங்கு மாண்ட துயரைப் பாட எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. அதற்குப் பாராசாரிதான் வேண்டும். ஆயா சொன்ன அக்கதையைக் கேட்டுத்தான் நான் முதலில் அழக் கற்றேன். ரொக்கேயாவின் கதையிலும் குறை இல்லாமலில்லை. சிறையை உடைக்காமல், சிறைப்பட்டோரை மாற்றியமைத்தார். அது கேலிக்காகச் செய்தது என்று நான் கொள்கிறேன்; எனினும் இருபாலாரும் வெளியே உலவும் நாடே எனக்கு உவப்பு.

ஆயினும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் தேர்வு மாறாது. எங்கள் தெருவில் என்னோடு படித்தோருள் சிலர் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு மணம் முடிக்கப்பட்டனர். மதிப்பெண்ணில் என்னை முந்தியவளும் அவர்களில் உண்டு. அவளுக்கு எந்தத் தேவதையும் வந்து வரம் தரவில்லை. கல்லூரி விண்ணப்பப் படிவம் ஒன்றை எவரேனும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் போதும். ரொக்கேயா வீடுவீடாகச் சென்று செய்தது அதைத்தான். மாணவ நண்பர்களே! வரும் கோடை விடுமுறையில் நாம் நம் ஊர்களுக்குச் செல்வோம். அடுத்த வீட்டில் படிப்பை நிறுத்தவிருக்கும் தங்கை ஒருத்தி இருப்பாள். அவள் பெற்றோரிடம் ஒரு மணி நேரம் பேசுவோம். படிவத்தையும் உதவித்தொகை விவரத்தையும் கையோடு கொண்டு செல்வோம்!