புயலுக்குப் பெயர் வைத்த கேப்டன்

நம்ம ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் கிடையாது. புயல் என்றால் நமக்கு மலைப்பக்கம் கொட்டும் மழை, பள்ளிக்கூடத்துக்கு லீவு, அவ்வளவுதான். ஆனால் 1964 டிசம்பர் புயலில் கடல் விழுங்கிய தனுஷ்கோடியும் நம்ம ஊர்களும் அப்போது ஒரே ராமநாதபுரம் மாவட்டம்! அந்தப் புயலுக்கு 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர் யார் தெரியுமா? ஹென்றி பிடிங்டன் என்ற கப்பல் கேப்டன்.

1797-ல் இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்தவர், பிறகு கடலை விட்டுக் கல்கத்தாவில் தங்கிவிட்டார். புயல் வட்டமாகச் சுழலும் என்று ரெட்ஃபீல்டு, ரீடு என்ற இருவர் அப்போதுதான் எழுதியிருந்தார்கள். வங்கக் கடலில் அது எப்படி என்று பார்க்க இவர் கிளம்பினார்.

அன்றைக்கு ரேடார் ஏது, சாட்டிலைட் ஏது? புயலில் தப்பி வந்த கப்பல்களின் லாக் புத்தகங்களைச் சேகரித்தார். ஒரே நேரத்தில் ஒரு கப்பலில் கிழக்குக் காற்று, இன்னொன்றில் மேற்குக் காற்று என்று இருக்கும். எல்லாவற்றையும் வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டால் வட்டம் தெரியும், நடுவில் மையமும் தெரியும். 1839 முதல் இப்படி ஒவ்வொரு புயலாக ஆசியாடிக் சொசைட்டி இதழில் எழுதினார்.

1848-ல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். பாம்புச் சுருள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அதில்தான் தந்தார். கூடவே, கொம்பில் செய்த மெல்லிய தகடு ஒன்று. அதன் வழியாகக் கீழே உள்ள வரைபடம் தெரியும். அதை வைத்துப் பார்த்தால் புயல் மையம் எந்தப் பக்கம் என்று புரியும். நம்ம கடலில் காற்றுக்கு முகம் காட்டி நின்றால் மையம் வலது பக்கம்! சாதாரண மாலுமிக்கும் இது விளங்கணும் என்று அவர் நினைத்தார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வீட்டில் போய்ச் சொன்னால் புரிகிற படிப்புதான் படிப்பு என்பது என் எண்ணம். அதனாலேயே இவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1853-ல் கல்கத்தா அருகே மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் பேச்சு வந்தது. புயல் வந்தால் கடல் திரண்டு வந்து ஊரையே மூடிவிடும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எழும்பியது, கானிங் என்று பெயரும் வைத்தார்கள். 1858-ல் பிடிங்டன் கல்கத்தாவிலேயே காலமானார். 1867 நவம்பரில் புயல் வந்தது. அவர் சொன்னபடியே கடல் ஏறி வந்து துறைமுகத்தை நாசமாக்கியது. பிறகு அதைக் கைவிட்டார்கள்.

2002-ல் சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் வந்தது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. மழை எங்கே என்பதைத் திரும்பும் நேரம் சொல்லும், காற்றின் வேகத்தை அலைவெண் மாற்றம் சொல்லும். பிடிங்டன் மாதக்கணக்கில் பேப்பரில் தேடிய சுருள், திரையில் சில நிமிஷத்தில் வந்துவிடுகிறது.

கருவி வந்தாச்சு நண்பர்களே! ஆனால் சொன்னதைக் கேட்க ஆள் வேண்டுமே? நாளைக்கு நம்மில் ஒருவர் ரேடார் அறையில் உட்காரலாம். அன்றைக்குக் கடற்கரைக் குப்பத்து மக்களுக்கும் புரிகிற மாதிரி, கேட்கிறவரை விடாமல் சொல்வோம்!