இரண்டு விரல்களின் இசை

கிட்டார் பழகத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொள்வர். இடக்கையின் நான்கு விரல்களும் தந்திகளை மாறி மாறி அழுத்த வேண்டும். ஒரு விரல் பிசகினாலும் சுரம் பிசகிவிடும். அந்த நான்கில் இரண்டு விரல்கள் பயனற்றுப்போன பிறகும், உலகம் போற்றும் கிட்டார் மேதையாக உயர்ந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அவருடைய வாழ்வில் நாம் கற்கத்தக்கவை பல உண்டு.

1910-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் லிபெர்ஷி என்னும் சிற்றூரில், ரோமானி இனத்தைச் சேர்ந்த எளிய குடும்பமொன்றில் ஜாங்கோ பிறந்தார். ஜிப்சிகள் என்று பிறரால் அழைக்கப்பட்ட இம்மக்களின் முன்னோர், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள். அவர்களுடைய மொழியே அதற்குச் சான்று. கூண்டு வண்டியே அவர்களுக்கு வீடு. போகும் வழியே ஊர்.

பாரிஸ் நகரத்தின் எல்லையில் இருந்த வண்டிக் குடியிருப்பில் சிறுவன் ஜாங்கோ வளர்ந்தான். பள்ளிக்கூடம் செல்லும் பேறு அவனுக்குக் கிட்டவில்லை. பன்னிரண்டு வயதளவில் பாஞ்சோ-கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. பெரியவர்களின் விரல்களை உற்றுப் பார்த்தே வாசிக்கக் கற்றான். விரைவில் பாரிஸின் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பொருள் ஈட்டத் தொடங்கினான். 1928-இல் அவருடைய வாசிப்பு முதன்முறையாக இசைத்தட்டில் பதிவாயிற்று. தட்டில் அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டுவிட்டார்கள். அதைப் படித்துத் திருத்தச் சொல்லவும் அவருக்கு எழுத்தறிவு இல்லை.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் நேரில் வந்து அவர் வாசிப்பைக் கேட்டு, தம் குழுவில் சேர அழைத்தார். பதினெட்டு வயது இளைஞனுக்கு எத்தகைய வாய்ப்பு! ஆனால் அந்த வேலையில் சேரும் முன்பே பேரிடர் நேர்ந்தது. அவருடைய மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் வண்டி நிறைய இருந்தன. ஓர் இரவு மெழுகுவர்த்தியின் நெருப்பு அவற்றில் பற்றியது. நொடியில் வண்டி முழுவதும் தீ. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் ஒரு காலும் இடக்கையும் கடுமையாக வெந்துபோயின. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அவர் இணங்கவில்லை. கால் பிழைத்தது. ஆனால் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கி மடங்கிவிட்டன.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் நோய்ப்படுக்கை. அவருடைய தம்பி ஜோசப் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ அதுவரை கற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். நான்கு விரல் செய்யும் வேலையை ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே செய்ய, தந்தியின் நீளத்தில் மேலும் கீழுமாக அவற்றை மின்னலென ஓடவிட்டார். மடங்கிய விரல்களையும் அவர் வீணாக விடவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கையில் அவற்றைத் துணைக்கு அழைத்தார். வேறெவரிடமும் கேட்டிராத ஒரு புதிய ஒலி பிறந்தது.

1931-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டதும் ஜாஸ் இசை அவரை ஆட்கொண்டது. பாடகர் ஜான் சப்லோனுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவந்த ஜாங்கோ, 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் இணைந்து ஐவர் குழு ஒன்றை அமைத்தார். மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு பெரிய பாஸ். முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. தந்திகளை மட்டும் கொண்டு ஜாஸ் வாசித்த இக்குழு ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. அக்காலக் குறும்படம் ஒன்றில் அந்த இரு விரல்கள் ஓடுவதை இன்றும் காணலாம்.

1939-இல் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். நாஜிகள் ரோமானி மக்களை இலட்சக்கணக்கில் கொன்று குவித்த காலம் அது. 1943-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றும் அவரால் இயலவில்லை. ஆயினும் இசை ஓயவில்லை. 1940-இல் அவர் பதிவுசெய்த 'மேகங்கள்' என்று பொருள்படும் இசைக்கோவை, அடிமைப்பட்ட பாரிஸ் மக்களின் உள்ளத்திற்கு ஆறுதலாயிற்று. போருக்குப் பின் 1946-இல் அமெரிக்கா சென்று டியூக் எலிங்டனுடன் வாசித்தார். 'சினத்தின் கிராமம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் திரைப்படத்திற்கு இசையும் அமைத்தார்.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. சூதாட்டத்தில் பொருளை இழப்பார். சொன்ன நேரத்திற்கு வரமாட்டார். நியூயார்க்கின் கார்னகி அரங்கிலேயே ஓர் இரவு நேரந்தவறி வந்தார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள சேன்ட்-மரீ திருத்தலத்திற்கு ரோமானி மக்கள் திருயாத்திரை செல்வர். அம்மக்களுக்கெனத் தம் கையால் ஒரு திருப்பலி இசையைப் படைக்க ஜாங்கோ விரும்பினார். உள்ளத்தில் ஒலித்ததை எழுத அவருக்குச் சுரக்குறியீடு தெரியாது. அவர் கிட்டாரில் வாசிக்க, குழுவின் கிளாரினெட் கலைஞர் எழுதிக்கொண்டார். அவ்வாறு உருவான ஒரு பகுதியே வானொலியில் ஒலித்தது. முழுப் படைப்பும் நிறைவேறவே இல்லை.

1951 முதல் சீன் ஆற்றங்கரையில் உள்ள சமுவா என்னும் ஊரில் மீன்பிடித்தும் ஓவியம் தீட்டியும் வாழ்ந்த ஜாங்கோ, 1953 மே 16-ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். வயது நாற்பத்து மூன்றே.

பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஆலை விபத்தொன்றில் விரல் நுனிகளை இழந்து, கிட்டாரையே கைவிட எண்ணினார் டோனி அயோமி என்னும் இளைஞர். ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்டபின் மனம் தேறி மீண்டும் வாசித்தார், அவரும் புகழ்பெற்றார்.

தீ பறித்த விரல்களின் குறையைத் தம் உழைப்பால் வென்றார் ஜாங்கோ. ஆனால் சிறுவயதில் கிடைக்காத கல்வியின் குறை இறுதிவரை அவரைத் தொடர்ந்தது. கிராப்பெல்லி பொறுமையுடன் சொல்லிக்கொடுத்த பின்னரே அவர் தம் பெயரை எழுதப் பழகினார். நமக்கோ நான்கு விரல்களும் உள்ளன, எழுத்தும் உள்ளது. அவற்றைக் கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?