பார்ட்ஸ் கிடைக்காத காரும் ஜி.டி. நாயுடுவும்

கோவிலூர்ல எங்க தாத்தாவோட அம்பாசடர் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைஞ்சு நிக்குது. 2014-லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. காரைக்குடியில கேட்ட கடையில எல்லாம் இல்லைன்னுட்டாங்க. எடைக்குப் போட்டுடலாம்னு வீட்ல பேச்சு. அப்பதான் ஜி.டி. நாயுடுவைப் பத்திப் படிச்சேன்.

1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். படிப்பு மூணாங்கிளாஸோட சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் மேல ஆசை வந்து, ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். அக்கக்காக் கழட்டித் திரும்ப மாட்டித்தான் மெக்கானிக் வேலை கத்துக்கிட்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி ரூட் ஆரம்பிச்சார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மின்மோட்டார் செஞ்சார். 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி வரக் காரணமானார். நாலு வருஷப் படிப்பு வீண்னு அரசோடு முரண்பட்டு விலகினார். 1974-ல் மறைந்தார்.

நான் அந்த நாலாவது வருஷத்துல இருக்கேன். இதுவரை ஒரு ஸ்பிரிங்கைக் கூடக் கழட்டினதில்ல. போன ஞாயிறு பட்டறை அண்ணனோட உக்காந்து யூ-போல்ட்டைக் கழட்டி, உடைஞ்ச பட்டையோட நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்தேன். அதே அளவுக்கு அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். இப்போதைக்கு கார் எடைக்குப் போகல.